மெலடோனின் ஆக்கும் நொதிகள்: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வு வினா

1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தனர். நெடுங்காலம் அது விலங்குகளுக்கே உரிய இரவு ஹார்மோனாகக் கருதப்பட்டது. 1995இல் தாவரங்களிலும் அது கண்டறியப்பட்டது. மூலக்கூறு ஒன்று; அதை ஆக்கும் நொதிகளும் ஒன்றுதானா?

2. செரட்டோனின் வரை

இரு சாரார்க்கும் தொடக்கப்பொருள் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலமே.

2.1 *முதுகெலும்பிகள்:* டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸ் முதலில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. பிறகு வேறொரு நொதி கார்பாக்சில் தொகுதியை நீக்க, செரட்டோனின் உருவாகிறது.

2.2 *தாவரங்கள்:* இங்கே பெரும்பாலும் வரிசை தலைகீழ். கார்பாக்சில் முதலில் நீங்கி டிரிப்டமின் உண்டாகிறது; ஹைட்ராக்சில் பின்னரே சேர்கிறது. இப்பின்வினைக்குரிய மரபணு பழுதுபட்ட 'செகிகுச்சி' நெல்லில் டிரிப்டமின் தேங்கிவிடுவது இதற்குச் சான்று.

3. அசெட்டைல் சேர்க்கும் நொதி

வேறுபாடு மிக ஆழமாகத் தெரிவது செரட்டோனினில் அசெட்டைல் தொகுதி சேரும் இந்தப் படியில்தான்.

3.1 *விலங்கு நொதி:* ஏஏ-நாட் எனப்படும் இந்நொதி இரவில் பெருகுகிறது. பினியலில் நாரெபிநெப்ரின் சுரந்ததும் இதில் பாஸ்பேட் ஏறுகிறது. 14-3-3 புரதம் இதைப் பற்றிக்கொண்டு சிதையாமல் காக்கிறது. இரவில் வெளிச்சம் பட்டால் அக்காப்பு விலகி, நொதி சில நிமிடங்களிலேயே சிதைகிறது. இரவு மெலடோனின் அளவு வெளிச்சத்தில் சரிவது இதனால்தான்.

3.2 *தாவர நொதி:* ஸ்நாட் எனப்படும் இது நெல்லில் பசுங்கணிகத்தில் இயங்குகிறது. அமினோ அமில வரிசையில் விலங்கு நொதியோடு இதற்கு ஒப்புமை இல்லை. இதன் உறவுநொதி சயனோபாக்டீரியாவில் உள்ளது. பசுங்கணிகத்தின் மூதாதையும் அவ்வினமே. எனவே தாவரம் இதை அவ்வழியில் பெற்றதெனக் கொள்ளலாம்.

4. மெத்தைல் சேர்க்கும் நொதி

விலங்குகளில் இறுதிவினையை ஏஎஸ்எம்டி நொதி செய்கிறது. தாவரங்களில் அதனுடன் லிக்னின் ஆக்கத்தில் பங்குபெறும் காம்ட் நொதியும் இதைச் செய்யவல்லது. செரட்டோனினில் மெத்தைல் முதலில் ஏறி, அசெட்டைல் பின்னர் சேரும் மாற்றுவழியும் அங்கு உண்டு.

5. முடிவு

விளைபொருள் ஒன்றாயிருப்பது பொது மரபுக்குச் சான்றாகாது. அசெட்டைல் நொதி வெவ்வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆகவே பினியல் சுரப்பியில் கண்ட இரவுபகல் கட்டுப்பாட்டைப் பயிர்களுக்கு அப்படியே பொருத்துவது பிழை; ஒவ்வோர் உயிரினத்தின் நொதியையும் அதனதன் செல்லுக்குள் வைத்தே ஆராய வேண்டும்.