விழாக்கால ஈகை: ஒரு சிறு வில்லையின் வரலாறு

விழாவும் ஈகையும் உடன்பிறந்தவை. தீபாவளி, பொங்கல், ரமலான், கிறிஸ்துமஸ் என எவ்விழாவாயினும், எந்நாட்டினர் கொண்டாடினும், இல்லாதவர்க்கு ஏதேனும் கொடுக்க வேண்டும் என்னும் நினைவு அந்நாளில் மக்கள் உள்ளத்தில் எழுகின்றது. இது போற்றத்தக்கதே. ஆயினும், கொடுக்கும் பொருள் ஒன்றாக இருந்தாலும் கொடுக்கும் முறை எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. வள்ளுவர் ஈகையின் சிறப்பை 23ஆம் அதிகாரத்தில் கூறினார். அத்துடன் அமையாது, கையேந்தி நிற்பதன் துன்பத்தை எண்ணி 107ஆம் அதிகாரமாக இரவச்சத்தையும் வைத்தார். கொடுப்பவரின் பெருமையைப் பாடியவர் பெறுபவரின் வேதனையையும் அறிந்திருந்தார்.

அவ்வேதனையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. சிறுவனாக இருந்தபோது, பொங்கலுக்கு மறுநாள் என் பாட்டியாருடன் ஊர்த்தெருவுக்குச் செல்வதுண்டு. வீட்டின் முன்வாயில் எங்களுக்கு உரியதன்று, கொல்லைப்புறத்தில் நிற்போம். ஏந்திய துணியில் சோறும் பலகாரமும் மேலிருந்து விழும். பாட்டியார் அக்குடும்பத்தை வாழ்த்திவிட்டுத் திரும்புவார். வழிநெடுக ஒரு சொல்லும் பேசமாட்டார். அன்று உண்டது என்னவென்று எனக்கு நினைவில்லை. அவர் பேசாமல் நடந்து வந்தது மட்டும் நினைவில் இருக்கின்றது.

வயிற்றை நிறைத்து மனத்தைத் தாழ்த்தும் ஈகை நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகளிலும் அது இருந்தது. அங்கேயே, யாரும் கையேந்த வேண்டாத ஒரு விழாக்கால ஈகை முறையும் பிறந்தது. அதன் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பார்வையாளர் சூழ்ந்த விருந்து

1891ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஜோசப் மெக்ஃபீ என்பவர் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தளிக்க விரும்பினார். துறைமுகத்தருகே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, வழிப்போக்கரிடம் காசு திரட்டினார். அந்த வழக்கம் விரைவில் பிற நகரங்களுக்கும் பரவியது. 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் பெருவிருந்து ஒன்று நடைபெற்றது. சுமார் 20,000 ஏழைகள் உணவு பெற்றனர். பசித்தவர்க்கு உணவு கிடைத்தது என்ற அளவில் அது நற்செயலே. அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் அங்கு நடந்த மற்றொன்றையும் வரலாறு பதிந்து வைத்துள்ளது. அரங்கின் மேல்மாடங்களில், கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்ற செல்வர்கள் அமர்ந்திருந்தனர். கீழே ஏழைகள் உண்பதைப் பார்ப்பதற்காகவே அவர்கள் வந்திருந்தனர். உணவு ஒரு வேளையில் செரித்துப் போயிருக்கும். பார்க்கப்பட்டோம் என்ற எண்ணம் எத்தனை நாள் அவர்கள் நெஞ்சில் தங்கியதோ!

அஞ்சலக எழுத்தரின் எண்ணம்

அக்காலத்தில் ஏழைகளை வாட்டிய கொடுநோய்களுள் முதன்மையானது காசநோய். எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அதனை அழைத்தனர். அதற்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். எனினும் அக்கிருமியை அழிக்கும் மருந்து மேலும் அறுபது ஆண்டுகள் வரை கிடைக்கவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே அந்நாளைய மருத்துவம். நெருக்கமான குடியிருப்பில் வாழ்ந்து, அன்றாடம் உழைத்துண்ணும் ஏழைக்கு இம்மூன்றில் ஒன்றும் எட்டாது. எனவே சானடோரியங்கள் தேவைப்பட்டன. அவற்றுக்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது.

டென்மார்க் நாட்டில் ஐனர் ஹோல்போல் என்னும் அஞ்சலக ஊழியர் இருந்தார். 1903ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், மலைபோல் குவிந்த வாழ்த்து மடல்களைப் பிரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இம்மடல்கள் ஒவ்வொன்றிலும் அஞ்சல் தலையுடன் மிகக் குறைந்த விலையில் மற்றொரு வில்லையும் ஒட்டப்பட்டால், அத்தொகையைக் கொண்டு நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று எண்ணினார். அஞ்சல் துறையினர் ஆதரவளித்தனர். மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனும் இசைந்தார். மறைந்த அரசி லூயிசாவின் உருவம் பொறித்த முதல் வில்லை 1904 டிசம்பரில் வெளிவந்தது.

அதன் விலை 2 ஓரே. ஒரு குரோனரின் நூறில் ஒரு பங்கே ஓரே என்றால், அது எவ்வளவு சிறு தொகை என்பது விளங்கும். முதல் ஆண்டிலேயே 40 லட்சத்திற்கும் மேற்பட்ட வில்லைகள் விற்பனையாயின. 1911இல் கோல்டிங் என்னுமிடத்தில், கடற்கரையை ஒட்டி, அவ்வில்லைப் பணத்தால் எழுந்த சானடோரியம் திறக்கப்பட்டது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. செல்வர் வாங்கிய வில்லையும் கூலியாள் வாங்கிய வில்லையும் ஒன்றே. மடலின் மீது ஒட்டிய பின் யார் எவ்வளவு கொடுத்தார் என்று எவரும் அறிய இயலாது. கொடுத்தவரைப் பெற்றவர் வணங்கி நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

கடல் கடந்த வில்லை

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஜேக்கப் ரீஸ். நியூயார்க்கின் சேரி வாழ்வை எழுத்தாலும் நிழற்படத்தாலும் உலகறியச் செய்தவர். தம் சகோதரர் அறுவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்நாட்டிலிருந்து வந்த மடலில் இவ்வில்லையைக் கண்ட அவர், 1907ஆம் ஆண்டு அதனைப் பற்றி ஓர் இதழில் எழுதினார்.

அக்கட்டுரையைப் படித்தவர்களுள் ஒருவர் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரைச் சேர்ந்த எமிலி பிஸ்ஸெல் அம்மையார். அவ்வூரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில், காசநோயாளர் சிலர் தங்கியிருந்த சிறு குடில் 300 டாலர் இல்லாமையால் மூடப்படும் நிலையில் இருந்தது. அம்மையார் நண்பர்களிடம் கடன் பெற்று வில்லைகளை அச்சிட்டார். 1907 டிசம்பரில் அஞ்சலகத்தில், வில்லை ஒன்று ஒரு சென்ட் என விற்றார். தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. பின்னர் பிலடெல்பியா நகர நாளேடு ஒன்று துணைநிற்கவே, 300 டாலர் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 3,000 டாலர் சேர்ந்தது.

அந்நாளேட்டின் அலுவலகத்திற்குக் கந்தலாடை அணிந்த செய்தித்தாள் விற்கும் சிறுவன் ஒருவன் வந்து, ஒரு சென்ட் நாணயத்தை வைத்து வில்லை கேட்டான் என்றும், தன் அக்காளுக்கு அந்நோய் என்று கூறினான் என்றும் சொல்லப்படுவதுண்டு. பிறர் முறைப்படி அச்சிறுவன் இரவலர் வரிசையில் நிற்க வேண்டியவன். வில்லையோ அவனையும் வள்ளலாக்கியது.

நம் நாட்டில்

சென்னையை அடுத்த தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928இல் சானடோரியம் ஒன்றை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்றும் அப்பகுதியின் இரயில் நிலையம் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. 1939இல் இந்தியக் காசநோய்க் கழகம் தோன்றியது. 1950ஆம் ஆண்டு முதல் அண்ணல் காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2ஆம் நாளில் காசநோய் வில்லை இயக்கம் தொடங்கப்பட்டது. நம் விழாக்காலம் தொடங்குவதும் ஏறத்தாழ அப்பொழுதுதான்.

நான் பயின்ற பள்ளியிலும் ஆசிரியர் வில்லைத் தாளை வகுப்பிற்குக் கொண்டுவந்தார். என் தாயார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சில்லறையைத் தந்தார். வில்லையை என் நோட்டின் மேலட்டையில் ஒட்டிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் முன்பின் அறியாத ஒருவர்க்காகக் கொடுத்தோம் என்று பெருமையுடன் எண்ணியது அன்றுதான். கொல்லைப்புறத்தில் நின்ற சிறுவனும் அவ்வில்லையை வாங்கிய சிறுவனும் ஒருவனே.

ஈகையிலிருந்து உரிமைக்கு

ஈகையால் கட்டிய படுக்கைகள் என்றும் போதியனவாக இருந்ததில்லை. 1940களில் மருந்துகள் கண்டறியப்பட்ட பின்னர் புதிய வினா எழுந்தது: மருத்துவமனையில் இடம் கிடைக்காத ஏழையை அவன் வீட்டிலேயே குணப்படுத்த இயலுமா? இதற்கு விடை கண்டது நம் சென்னை. 1956இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்தது. நெருக்கமான குடிசையில் எளிய உணவுடன் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என 1959இல் முடிவு வெளிவந்தது. குடும்பத்தார்க்கு அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்றும் தெளிவாயிற்று. உலக நாடுகள் தம் மருத்துவ முறையை மாற்றிக்கொண்டன.

அதுவரை நோயாளியின் தட்டும் குவளையும் தனியே ஒதுக்கப்பட்டன. தனிக்குவளை என்பதன் பொருளை இம்மலரைப் படிப்போர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று காசநோய்க்கான மருந்தை அரசு இலவசமாக வழங்குகின்றது. 2018 முதல் நோயாளியின் ஊட்டத்திற்காகத் திங்கள்தோறும் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகின்றது. நோய் இன்னும் ஒழியவில்லை. உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனால் மடிகின்றனர். ஆயினும், இரந்து பெற வேண்டியிருந்தது கேட்டுப் பெறும் உரிமையாக வளர்ந்துள்ளது. நல்ல ஈகையின் பயன் இதுவே. அது தன் தேவையைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைக் கூறிய நான் என் பிழையையும் கூற வேண்டும். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், நன்கொடையாளர் ஒருவர் தீபாவளிக்குப் புத்தாடைகள் வழங்க முன்வந்தார். ஏழை மாணவர் என ஒரு பட்டியல் எழுதி, பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தேன். ஒரு மாணவி எழுந்து வரவில்லை. இருமுறை அழைத்தும் தலை குனிந்தே இருந்தாள். என் பாட்டியாரை நினைத்துக்கொண்டேன். பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். அடுத்த ஆண்டிலிருந்து மேடையும் இல்லை, பட்டியல் வாசிப்பும் இல்லை; உரியவர் வீட்டிற்குப் பொருள் அமைதியாகச் சென்று சேர்கின்றது.

சிறு சந்தாக்களால் வளர்ந்து வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்திற்கும் இதனையே வேண்டுகோளாக வைக்கின்றேன். விழாக்காலத்தில் கொடுப்போம், நிறையவே கொடுப்போம். நோட்டும் சீருடையும் தேர்வுக் கட்டணமும் தரும்போது, குழந்தையை மேடையில் நிறுத்தி நிழற்படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். பெறுகின்ற குழந்தையிடமும் ஒரு ரூபாய் சந்தா வாங்கிக்கொள்வோம். அந்த ஒரு ரூபாய்க்கு இரசீதும் எழுதிக் கொடுப்போம்.