சிறையிலிருந்து வந்த கடிதம்



தொலைபேசியில் பேசிப் பணம் பறிப்பதை இந்தக் காலத்துத் தீமை என்றே பலரும் எண்ணுகிறார்கள். கருவிதான் புதிது. தந்திரத்துக்கு இருநூறு வயதாகிறது.

பிரான்சு நாட்டில் விடோக் என்பவர் இருந்தார். முதலில் குற்றவாளி; பின்னர் பாரிஸ் துப்பறியும் படைக்கே தலைவர். 1828இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், கைதிகள் சிறைக்குள்ளிருந்து எழுதிய 'ஜெருசலம் கடிதங்கள்' பற்றிச் சொல்கிறார். பணக்காரர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதுவார்களாம். புரட்சிக் காலத்தில் ஒரு பிரபு பொன்னும் வைரமும் நிறைந்த பெட்டியை விட்டுவிட்டு ஓடினார், அவருடைய வேலைக்காரன் நான், கொஞ்சம் பணம் அனுப்பினால் அது இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்பது கதை. நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும். துணி வியாபாரி ஒருவர் பாரிஸின் பெரிய பாலத்தையே அடியில் தோண்டிப் பிடிபட்டார். பாவம், அங்கே ஒரு சீமாட்டியின் வைரம் இருப்பதாக நம்பிவிட்டார்!

அந்த நூற்றாண்டின் இறுதியில் இதே கதை, 'ஸ்பானியக் கைதி' என்று, இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடிதமாய்ப் போயிற்று.

அன்றைய கடிதம் ஆசையைத் தூண்டியது. நம் நாட்டில் 'மக்காவ் மோசடி' எனப்படும் தொலைபேசி அழைப்போ அச்சத்தைத் தூண்டுகிறது. போலீஸ் பேசுகிறோம், கோர்ட்டில் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, சோதித்துப் பார்க்க உங்கள் சேமிப்பை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறது. இதுதான் கொடியது என்பேன். பேராசை இல்லாதவரும் பயப்படுவார் அல்லவா?

என் தந்தையார் காலத்தில் லயத்துக்கு வரும் கடிதத்தைக் கிராணியாரோ வாத்தியாரோ படித்துச் சொல்வார். நாலு பேர் காதில் விழும். தொலைபேசி ஒரே காதில்தான் பேசுகிறது.

பணம் போய்விட்டால் உடனே அழைக்க 997 என்ற எண் 2022 அக்டோபரில் ஏற்பட்டது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். அதனால் தாமதம் கூடாது.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அம்மாவுக்கும் அப்படியோர் அழைப்பு வந்தது. இணைப்பைத் துண்டிக்காதே என்று மிரட்டியிருக்கிறான். அவரும் துண்டிக்கவில்லை, அப்படியே பள்ளிக்கு நடந்து வந்து, "வாத்தியாரய்யா, இதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று என் மேசைமேல் வைத்தார். "எந்த ஸ்டேசன்?" என்று கேட்டேன். துண்டித்தது அவன்தான்.