றொபின் பாவாவின் 61 ஆட்டங்கள்

பேலியகொடைப் பக்கம் ஐஸ் எண்டால் மீன் சந்தைதான். பெட்டியில் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் உருகி ஓடிவிடும். அதுக்கு மேல சறுக்கி விளையாடிச் சம்பளம் வாங்குவது எங்களுக்குத் தூரத்துக் கதை. ஆனாலும் ஐஸ் ஹொக்கி வீரர் றொபின் பாவாவை எங்கட ஆக்கள் தெரிஞ்சு வைத்திருக்க வேணும்.

1966இல் கனடாவின் வன்கூவர் தீவில், ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தக் கரைக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1914இல் 376 பேரோடு வன்கூவருக்கு வந்த 'கொமகாட்டா மாரு' கப்பலில் ஒரு சிலரை மட்டும் இறங்க விட்டு, மற்ற எல்லோரையும் கனடா திருப்பி அனுப்பியது. வந்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சாபிகள். ஏற்கனவே அங்கே குடியேறி மர ஆலைகளில் உழைத்தவர்களுக்கும் 1947 வரை வாக்குரிமை இல்லை.

அந்த நாட்டில் ஹொக்கி வெறும் பொழுதுபோக்கில்லை. யார் 'உள்ளூர் ஆள்' என்பதைச் சொல்லும் விளையாட்டு அது. 1986-87 பருவத்தில் கம்லூப்ஸ் இளையோர் அணிக்காக பாவா 57 கோல் அடித்தார். ஆனால் பெரிய லீக்கான என்.எச்.எல்.இன் வருடாந்த வீரர் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிறகு வொஷிங்டன் அணி ஒப்பந்தம் கொடுத்தது. 1989இல் களமிறங்கி, இந்திய வம்சாவளியில் அந்த லீக்கில் ஆடிய முதல் வீரரானார்.

வொஷிங்டனுக்கு 5 ஆட்டம், வன்கூவருக்கு 2, சான் ஹோசேக்கு 42, அனஹைமுக்கு 12. மொத்தம் 61 ஆட்டங்கள், 6 கோல். அவ்வளவுதான். இளையோர் லீக்கில் கோல் அடித்துக் குவித்தவருக்கு மேலே கிடைத்தது பெரும்பாலும் முட்டி மோதுகிற வேலை. இனவசைகளையும் கேட்டுக்கொண்டே ஆடினார். தொழில்வாழ்க்கையின் பெரும்பகுதி சிறிய லீக்குகளிலேயே கழிந்தது.

கணக்காகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் 1914இல் கப்பலைத் திருப்பிய அதே நகரத்தின் அணிச்சட்டையைப் போட்டு ஆடிய இரண்டு ஆட்டங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அவருக்குப் பிறகு வந்த மனி மல்ஹோத்ரா 991 ஆட்டங்கள் ஆடினார். முதலில் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சின்ன எண்தான்.

இது பஞ்சாபிகளின் கதை மட்டும் இல்லை. 2010 ஓகஸ்டில் 492 தமிழரோடு வந்த 'சன் சீ' கப்பலையும் பாவா பிறந்த அதே தீவுக்குத்தான் கொண்டுபோனார்கள். வந்தவர்களைத் தடுத்து வைத்தார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கனடாவில் இருக்கிற மச்சான், மச்சாளோடு அடுத்த முறை கதைக்கும்போது கேட்டுப் பாருங்கள், றொபின் பாவாவைத் தெரியுமா எண்டு. தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுங்கள்.