முச்சி: தோலும் தூரிகையும் ஒரே கையில் இருந்த கதை

"முச்சி"ங்கற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஹிந்திக்காரங்களைக் கேட்டா "மோச்சின்னா செருப்பு தைக்கிறவர்"னு சட்டுனு சொல்லிடுவாங்க. ஆனா 200 வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த வெள்ளைக்காரங்களைக் கேட்டிருந்தா, "படம் வரைகிறவன்"னு சொல்லியிருப்பாங்க. ரெண்டுமே சரிதான்.

எட்கர் தர்ஸ்டன் 1909ல ஏழு தொகுதியா வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய புத்தகத்துல முச்சிகளைப் பத்தி ஒரு குறிப்பு வருது. மராத்தி வழி வந்தவங்க, ஓவியமும் தோல் வேலையும் செய்யறவங்கன்னு அதுல இருக்கு. சென்னை அரசாங்க ஆபீஸ்கள்ல "ஆபீஸ் முச்சி"ன்னு ஒரு வேலையே இருந்திருக்கு. மை கலக்குறது, பேனா சீவுறது, உறை செய்யறது, புத்தகம் பைண்டு பண்றது எல்லாம் அவர் பொறுப்பு.

முதல்ல படிக்கும்போது வேடிக்கையா இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா அதுல ஆச்சரியமே இல்லை. புத்தகத்துக்கு அட்டை போடத் தோல் வேணும். குதிரைச் சேணத்துல பூ வேலை செய்ய வண்ணம் வேணும். நம்ம தோல்பாவைக் கூத்தையே எடுத்துக்குங்க. ஆட்டுத் தோலைப் பக்குவப்படுத்தி, அது மேல ராமனையும் ராவணனையும் வரைஞ்சு, ஓட்டை குத்தி விளக்குக்கு முன்னாடி ஆட வைக்கிறாங்க. தமிழ்நாட்டுல அதைச் செய்யறவங்களும் வீட்டுல மராத்தி பேசற குடும்பங்கள்தான். தோலும் தூரிகையும் ஒரே வீட்டுல புழங்கின காலம் ஒண்ணு இருந்திருக்கு.

தோல்னாலே நமக்கு ஞாபகம் வர்றது வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுதான். ஊர்ல, பஸ்ஸுல, ரயில்ல கண்ணுல படற மனுசங்களை நோட்டுல கிறுக்குற பழக்கம் உள்ள ஆளு நான். அதனால எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்தப் பக்கத்து மனுசங்களை யார் வரைஞ்சாங்க, எப்படி வரைஞ்சாங்க?

கம்பெனி காலத்து ஆல்பம்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில ஆரம்பிச்சு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுங்களுக்காக நம்ம ஓவியர்கள் வரைஞ்ச படங்களைக் "கம்பெனி ஓவியம்"னு சொல்றாங்க. ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போக ஏதாவது வேணுமில்லையா? அந்தக் காலத்துல கேமரா கிடையாது. அதனால தென்னிந்தியாவுல சாதிகள், தொழில்கள் படமா ஒரு செட்டு வாங்கிக்குவாங்க. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, வேலூர்னு பல ஊர்கள்ல இது நடந்திருக்கு. காகிதத்துல மட்டுமில்லாம, திருச்சிப் பக்கம் மைக்கா தகட்டு மேலகூட வரைஞ்சு வித்தாங்க.

அந்தப் படங்களைப் பார்த்தீங்கன்னா ஒரு அச்சு தெரியும். புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம். கையில தொழிலுக்கு அடையாளமா ஒரு சாமான். குயவர்னா பானை, நெசவாளர்னா நூல், செருப்பு தைக்கிறவர்னா செருப்பு. காலுக்குக் கீழே கொஞ்சம் தரை, பின்னாடி வெறும் வானம். வீடு இல்லை, தெரு இல்லை, பக்கத்து மனுசன் இல்லை. கீழே சாதிப் பேரு, தொழில் பேரு. ஆளோட பேரை மட்டும் தேடினாலும் கிடைக்காது.

வரைஞ்சவங்க கைத்திறமையில குறை சொல்ல முடியாது. சேலைக் கட்டு, நகை, நெத்திக் குறி, தலைப்பாகைச் சுத்துன்னு ஒவ்வொண்ணையும் அவ்வளவு நுணுக்கமா போட்டிருப்பாங்க. இன்னிக்கு உடை வரலாறு எழுதறவங்களுக்கு அது பொக்கிஷம். கேட்டவங்களுக்கு வேண்டியது மாதிரிப் படம். அதைத்தான் இவங்க வரைஞ்சு கொடுத்தாங்க.

நெத்திக் குறியும் தோல் குஞ்சமும்

இந்த இடத்துல வேலூரோட பெரிய கதை ஒண்ணு குறுக்கே வருது. 1805 நவம்பர்ல சென்னை ராணுவத் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புது உடை விதிகளைக் கொண்டுவந்தார். நெத்தியில சாதி, சமயக் குறி வைக்கக் கூடாது. தாடியை எடுக்கணும், மீசையைச் சொன்ன அளவுல ஒதுக்கணும். பழைய தலைப்பாகைக்குப் பதிலா தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகை. அது மாட்டுத் தோலா பன்னித் தோலாங்கற பயத்துல ரெண்டு மதத்துக்காரங்களும் கொதிச்சுப் போனாங்க. 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி வேலூர்க் கோட்டையில கலகம் வெடிச்சது. திப்பு சுல்தானோட குடும்பம் அப்ப அதே கோட்டையிலதான் காவல்ல இருந்துச்சு. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டார். நூத்துக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டாங்க. விதிகள் வாபஸ் ஆச்சு. கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் திரும்ப அழைச்சுக்கிட்டாங்க.

காரணங்கள் இன்னும் உண்டு, தோல் குஞ்சம் மட்டும்னு சொல்ல வரலை. ஆனா ஒரு விஷயம் பாருங்க. 1805ல எந்த நெத்திக் குறியை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்களோ, அதே நெத்திக் குறிகளை ஒண்ணு விடாம வரைஞ்ச படங்களைத்தான் கம்பெனி அதிகாரிங்க காசு கொடுத்து வாங்கினாங்க. ரெண்டுக்கும் பின்னாடி ஒரே பார்வைதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. தலைப்பாகையும் குறியும் மனுசனோட மேல்தோல், வேணும்னா ஆல்பத்துல ஒட்டிக்கலாம், வேண்டாம்னா ஒரு உத்தரவுல கழட்டிடலாங்கற பார்வை. அதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்னு 1806ல தெரிஞ்சுக்கிட்டாங்க.

எல்லப்பா தன்னையே வரைஞ்சார்

கலகம் நடந்து ஒரு 25, 30 வருஷத்துக்கு அப்புறம், அதே வேலூர்ல ஒரு ஓவியர். ஆங்கிலப் பதிவுகள்ல "வேலூர் யெல்லப்பா"ன்னு இருக்கார். நம்ம வாயில எல்லப்பா. 1832லிருந்து 1835க்குள்ள அவர் வரைஞ்ச ஒரு படத்துல, வேலை செஞ்சுட்டு இருக்கற ஓவியனா தன்னையே வரைஞ்சு வெச்சிருக்கார்.

லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்துல 2019 டிசம்பர்ல வில்லியம் டால்ரிம்பிள் பொறுப்புல ஒரு கண்காட்சி தொடங்குச்சு. கம்பெனிக்காக வரைஞ்சு மறந்துபோன இந்திய ஓவியர்களைப் பேரோட முன்னிறுத்தணுங்கறதுதான் அதோட நோக்கம். அதுல நம்ம வேலூர்க்காரர் பேரும் இருந்துச்சு.

எனக்கு இது சாதாரண விஷயமா படலை. சாதிக்கு ஒரு ஜோடின்னு பேரில்லாத மனுசங்களை வரைஞ்சு கொடுத்த சந்தையில, ஒருத்தர் "இதெல்லாம் தானா முளைக்கலை, இங்க உக்காந்து நான் பார்த்து வரைஞ்சேன்"னு பதிவு பண்ணிட்டுப் போயிருக்கார். அதனாலதான் இன்னிக்கும் அவரைப் பேர் சொல்லிப் பேச முடியுது.

அப்புறம் கேமரா வந்துடுச்சு. 1868லிருந்து 1875 வரைக்கும் "இந்திய மக்கள்"ங்கற தலைப்புல எட்டுத் தொகுதி போட்டோ ஆல்பத்தை அரசாங்கமே கொண்டுவந்தது. தர்ஸ்டன் அதுக்கும் மேல போய், மூக்கு அகலம் என்ன, மண்டை நீளம் என்னன்னு கருவி வெச்சு அளந்தார். கருவி மாறுச்சு, பார்வை அப்படியேதான் இருந்துச்சு. கம்பெனி ஓவியர்களுக்குப் பிழைப்பும் போச்சு.

ஓவியப் பள்ளிக்குள்ள வந்த குரோம்

தோலும் தூரிகையும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே வந்தது சென்னையில. 1850ல டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கின ஓவியப் பள்ளிதான் இன்னிக்கு எழும்பூர்ல இருக்கற அரசு கவின் கலைக் கல்லூரி. அங்க தலைவரா இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903ல குரோம் தோல் பதனிடும் சோதனையை அந்தப் பள்ளியிலேயே ஆரம்பிச்சார். (அதுக்கு முன்னாடி அலுமினியப் பாத்திரம் செய்யற தொழிலையும் அங்கதான் தொடங்கி வெச்சிருந்தார். ஓவியப் பள்ளியா பட்டறையான்னு கேட்காதீங்க :) )

அதுவரைக்கும் வட ஆற்காட்டுல தோல்னா ஆவாரம்பட்டைதான். மரப்பட்டைச் சாறுல வாரக்கணக்குல ஊறணும், கடைசியில கடுக்காய்த் தண்ணி. அந்தத் தோல் வண்டியிலயும் ரயில்லயும் சென்னைக்குப் போய், கப்பலேறி லண்டன் போகும். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையே 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடுச்சு, அதாவது நம்ம தோல் நாட்டு வாசல் வரைக்கும். குரோம்ல நாள் கணக்கு ரொம்பச் சுருங்கிடும். 1970கள்ல அரைகுறையா பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதும், ஆம்பூர் பக்கம் முழுசா முடிச்ச தோலுக்கும் ஷூவுக்கும் மாறுச்சு. பாலாறு கொடுத்த விலை தெரிஞ்சதுதான். 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தினவங்கதான் ஈடு கட்டணும்னு தீர்ப்பு சொன்னது இந்த ஊர் வழக்குலதான்.

இவ்வளவு நடந்தும், தோல் ஷாப்புல வேலை செஞ்சவங்க உடம்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்ற படம் கம்பெனி ஆல்பத்துல கிடைக்காது. ரெண்டு பக்கமும் பிடி வெச்ச கத்தியால, சாய்வான மரத்து மேல போட்ட தோலுல ஒட்டியிருக்கற சதையைச் சீவுறவர் எப்படி இடுப்பை முன்னால சாய்ச்சு நிக்கணும்? சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத் தோலை இழுக்கும்போது எந்தக் கால்ல பாரம் விழும்? கையில ஒரு சாமானைக் கொடுத்து நேரா நிக்க வெச்ச படத்துல இதெல்லாம் வராது. பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் வரும்.

இன்னிக்கு வரையறவங்களுக்கு

2007ல சியாட்டில்ல கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கின "அர்பன் ஸ்கெட்சர்ஸ்" கூட்டத்தோட முதல் கொள்கையே இதுதான். போட்டோ பார்த்து வரையாம, நேர்ல பார்த்து, அந்த இடத்துலயே வரையணும். இப்ப உலகம் பூரா ஊர் ஊரா ஆளுங்க நோட்டும் கையுமா கிளம்பிட்டாங்க. நம்ம ஊர்லயும் கோட்டை அகழி ஓரம், ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபம், ஜோலார்பேட்டை ரயில்னு வரைய இடத்துக்குப் பஞ்சமில்லை. ஷிஃப்ட் விடுற நேரம் ஆம்பூர் ரோட்டுல நின்னா, ஷூ கம்பெனிப் பொண்ணுங்க டிஃபன் பையோட கூட்டமா வந்து பஸ் ஏறுவாங்க. பத்து நிமிஷத்துல நாலு பக்கம் ரொம்பிடும்.

ஆனா பழைய ஆல்பத்தோட நோய் நமக்கும் ஒட்டிக்கும். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டுல தோல் கழிவுத் தொட்டியோட சுவர் இடிஞ்சு, தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துலயிருந்து பிழைக்க வந்தவங்க. நம்ம பேச்சுல அவங்க என்னவா இருந்தாங்க? "வட மாநிலத் தொழிலாளர்கள்." ஆல்பத்துல படத்துக்குக் கீழே எழுதின அதே மாதிரி வரி. பின்னாடி வெறும் வானம்.

அதனால வரையற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பூக்காரி", "மூட்டை தூக்குபவர்", "பீகார் பையன்"னு தலைப்பு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேசுங்க. "உங்களை வரையலாமாண்ணே, வரையலாமாக்கா"ன்னு கேளுங்க. வேண்டாம்னா நோட்டை மூடிடுங்க. சரின்னா, முடிச்சதும் அவங்க கையில கொடுத்துக் காட்டுங்க. மூக்கு சரியில்லைன்னு அவங்களே சொல்லுவாங்க. அவங்களுக்குச் சம்மதம்னா பேரையும் தேதியையும் ஊரையும் கீழே எழுதிடுங்க. மறக்காம உங்க பேரையும் போடுங்க. எல்லப்பா போட்டிருக்காரே.