விதைக்கு விட்ட காய்

வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்திரிக்குக் காம்பிலேயே முள் இருக்கும். அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் தலைமுறை தலைமுறையாக விளைகிற இந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெருமை. அந்தப் பெருமையில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டுக் காய்கறி விதைகளின் வரலாறு ஏட்டில் இருப்பதைவிட அவர்கள் கைவேலையில்தான் அதிகம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் விதை எடுத்து வைப்பது ஆயாவின் பொறுப்பு. பூச்சி விழாத, திடமான செடியாகப் பார்த்து, நல்ல காயொன்றில் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார். விதைக்கு விட்டது, யாரும் பறிக்கக் கூடாது என்று அர்த்தம். காய் மஞ்சளாகப் பழுத்ததும் அறுத்துத் தண்ணீரில் பிசைவார். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார். பூசணி, சுரை, பீர்க்கன் விதைகளைப் பச்சைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவிடுவார். அவரை நெற்று அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கும். ஆடி பிறந்தால் அக்கம்பக்கத்தார் விதை கேட்டு வருவார்கள்.

சேமிப்பு மட்டுமல்ல, இது ரகத்தை உருவாக்கும் வேலையும்கூட. மிளகாய் இந்த மண்ணின் பயிரல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகக் கடல் கடந்து வந்தது. அதை உருண்டையான முண்டு மிளகாயாக வளர்த்தெடுத்து, தங்கள் வறண்ட நிலத்துக்கு ஏற்றதாக்கியவர்கள் ராமநாதபுரத்து உழவர்கள். பிடித்த காயை ஆண்டுதோறும் விதைக்கு விட்டு விட்டே ஒரு ரகம் பிறக்கிறது.

1988-இல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை, வெளிநாட்டுக் காய்கறி விதைகள் வர வழி திறந்தது. வீரிய ஒட்டு விதைகள் பாக்கெட்டில் ஊர் ஊராகப் பரவின. ஒரே அளவு, ஒரே நிறம், லாரியில் நசுங்காத தோல், கூடுதல் மகசூல் என்று சந்தைக்கு விளைவிப்பவர்களுக்கு அவற்றால் பலன் உண்டு. ஆனால் ஒட்டு ரகத்தில் எடுத்த விதையை மறுபடி போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. பருவத்துக்குப் பருவம் கடைக்குப் போகப் போக, விதைக்கு விடுகிற பழக்கமே வீடுகளில் நின்றுபோனது.

பழக்கம் நின்றாலும் உரிமை பறிபோகவில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும், வணிக முத்திரையில்லாமல் விற்கவும் உழவருக்கு இடம் தருகிறது. டெல்லியில் தேசிய மரபணு வங்கி, மைனஸ் 18 டிகிரி குளிரில் நாட்டு ரகங்களைக் காக்கிறது. அது அவசியமான பணி. ஆனால் குளிர் அறையில் இருக்கும் விதை மழையும் காணாது, வெயிலும் காணாது. மாறிவரும் பருவத்துக்கு விதை பழக வேண்டுமானால் அது மண்ணில் முளைத்தாக வேண்டும்.

அதற்கு நம் கொல்லையே போதும். வீட்டுக்கு ஒரு சுரை ரகம் மட்டும் போடுங்கள். இரண்டு போட்டால் மகரந்தம் கலந்துவிடும். எடுத்த விதையில் பாதியைக் கட்டாயம் பிறருக்குக் கொடுங்கள். ஒரே வீட்டில் இருக்கிற ரகம் ஒரு கெட்ட பருவத்தோடு போய்விடும். நாலு வீட்டில் இருந்தால், எங்கேயாவது ஒரு வீட்டில் தப்பிவிடும்.