அன்னபூரணியும் வல்வெட்டித்துறை ஐவரும்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு நாம் கடலோட்டம் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பில் பட்டினப்பாலை நடத்தும்போதெல்லாம் ஓர் உறுத்தல் எழுகிறது. நாவாய், வங்கம், கலம் என்று சொற்பொருள் கூறுகிறோம். மிஞ்சினால் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைத் தொடுகிறோம். அதன்பின் தமிழர் கடலையே மறந்துவிட்டதுபோல அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். 1938இல் தமிழர் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று தமிழ் மாலுமிகளுடன் அமெரிக்கா சென்றடைந்தது நம் பாடத்தில் வருவதில்லை.

அக்கப்பல் அன்னபூரணி. யாழ்ப்பாண வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. அவ்வூர்க் கப்பல் தச்சர்களை மேத்திரிமார் என்பர். கைக்கணக்கும் கண்கணக்குமே அவர்களது வரைபடம். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் தமிழகத் துறைமுகங்களோடும் பர்மாவோடும் வாணிபம் செய்தவை.

இதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை, ஏறத்தாழ 32 அடி நீளமே கொண்ட 'ஸ்வாப்' என்ற படகில் உலகைச் சுற்றியவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி, அதனைப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். விலை கொடுத்தவருக்குப் பெயரிடும் உரிமை உண்டுதான், மறுக்கவில்லை.

கப்பலைச் செலுத்திய தமிழர் ஐவர்: தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை சபாரத்தினம், பூரணவேலுப்பிள்ளை சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி. தண்டையல் ஐம்பதை நெருங்கியவர்; ஏனையோர் இளைஞர்.

இப்பயணத்தின் தொடக்கப் பகுதியே நம்மை மிகவும் ஈர்க்கிறது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு திசைக்காற்றுக்கும் யாழ்ப்பாணத்துக் கடலோடிகளிடம் ஒரு பெயர் உண்டு. அக்காற்றுகளே அவர்களுக்குப் பஞ்சாங்கம். அரபிக்கடல் வரை அந்த அறிவு செல்லும். பருவக்காற்றின் ஒழுங்கு அங்கும் அதுதான். சிக்கல் செங்கடலில் தொடங்குகிறது. அதன் வடபாதியில் ஆண்டு முழுவதும் வடக்கிலிருந்தே காற்று வீசும். பாய்க்கப்பல் காற்றுக்கு நேரே செல்லாது. வலமும் இடமுமாக மாறிமாறி வெட்டியோட வேண்டும். இருமருங்கும் பவளப் பாறைகள். ஊரில் கற்ற காற்றின் கணக்கு முடிந்து, கைத்திறன் ஒன்றே துணையாகும் இடம் அது. சூயசைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குள் கப்பல் நுழைந்தபோதே அவர்கள் பாதித் தேர்வில் தேறிவிட்டார்கள் என்பது நம் கருத்து.

பிறகு ஜிப்ரால்டர், அட்லாண்டிக், பெர்முடா. 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளவுஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர்.

அதே அட்லாண்டிக்கில், 1986இல், ஜிம்மி கார்னெல் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாய்ப்படகுகளைத் திரட்டிக் கானரித் தீவுகளிலிருந்து பார்படோசுக்கு ஒரு பேரணி நடத்தினார். ஆண்டுதோறும் தொடரும் அப்பேரணியில் சேர்வோருக்குக் கடல் ஒரு கனவு, விடுமுறை, சாகசம். ராபின்சனுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஐவருக்கோ அது தொழில். ஆங்கிலத்தில் எழுதப்படும் பாய்க்கப்பல் வரலாறு பெரும்பாலும் உடைமையாளரின் வரலாறாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூலிக்குச் சுக்கான் பிடித்தவரைச் சாகசக்காரர் என்று யாரும் அழைப்பதில்லை.

கிளவுஸ்டரில் நங்கூரமிட்டபோது கப்பலுக்கு வேற்றுப் பெயர் இருந்தது. வல்வெட்டித்துறைக்காரர்கள் மட்டும் அதனை இன்றும் அன்னபூரணி என்றே சொல்கிறார்கள்.