தரை துடைத்தவள் பேசிய மொழி

எழுபத்திரண்டு வயதுக் கிழவி அவள். பிறர் வீட்டுத் தரை துடைத்துப் பிழைப்பவள். குடிமதிப்புக் கணக்கெடுக்க வந்தோர் கேட்கின்றனர், நீ எந்த இனத்தவள் என்று. திகைக்கிறாள். அமெரிக்கரா? அல்ல. கனடியரா? அவர்கள் ஆங்கிலம் பேசுவோராயிற்றே! பிரெஞ்சுக்காரரா? அவர்கள் பிரான்சிலன்றோ வாழ்கின்றனர்! அகாடியர் என்கிறாள் இறுதியில். அப்படியோர் இனம் வந்தவர்தம் பட்டியலில் இல்லை.

மேடையிலே நகைப்பொலி எழுப்பும் காட்சிதான். ஆனால் அந்த நகைப்பின் பின்னே நிற்பது இருநூறாண்டுத் துயரம், தோழர்களே!

1604 முதல் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலே குடியேறிய பிரெஞ்சு மக்களின் வழித்தோன்றல்கள் அகாடியர். கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்புக்கு அணையிட்டு, அதனை விளைநிலமாக்கிய உழைப்பாளர்கள். 1713இல் நாடு பிரிட்டனின் கைக்கு மாறிற்று. நிபந்தனையற்ற பற்றுறுதி கேட்டது புதிய ஆட்சி. தம்மவர்மீதே படைக்கருவி ஏந்த நேருமென அஞ்சி மறுத்தனர் மக்கள். 1755 செப்டம்பர் 5ஆம் நாள், கிராண்ப்ரே ஊர்த் தேவாலயத்துக்கு ஆடவரும் சிறுவரும் அழைக்கப்பட்டனர். நிலமும் கால்நடையும் மன்னருக்கு, உங்களுக்குக் கப்பல்! இதுதான் படிக்கப்பட்ட ஆணை. ஆண்டவன் இல்லமே சிறைக்கூடமாயிற்று. 1763க்குள் 10,000க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். நோய்க்கும் கடலுக்கும் இரையானோர் பல்லாயிரவர்.

திரும்பி வந்து ஒதுங்கி வாழ்ந்தோரிடம் எஞ்சியது என்ன? பேச்சு ஒன்றே! அதையும் கொச்சை என்றனர் கற்றோர்.

நியூ பிரன்சுவிக் மாநிலத்துப் பூக்டூஷ் ஊரில், ஆசிரியர்களின் மகளாக 1929இல் பிறந்த அந்தோனின் மயே, அந்தக் கொச்சையை ஆராயப் புகுந்தார். “நாம் பேசுகிறோம்” என்னுமிடத்தில், ‘நான்’ என்று தொடங்கிப் பன்மை வினையால் முடிப்பர் அகாடியக் கிழவர்கள். பிழையன்றோ? 16ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலே வழங்கிய பேச்சு அது! பேரெழுத்தாளர் ரபலேயின் காலத்துச் சொற்களும் கதைகளும் மீனவக் குடிசைகளில் உயிரோடிருப்பதை லவால் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்விலே காட்டினார் மயே. மாணவர் ஏடுகளில் சிவப்பு மை தீட்டும் நம் போன்றோர் இவ்விடத்தே சற்று நாணத்தான் வேண்டும்.

ஆய்வேட்டோடு அவர் நிற்கவில்லை. 1971இல் ‘லா சக்வீன்’ நூலாகவும் நாடகமாகவும் வந்தது. நாம் முதலிலே கண்ட கிழவி அதன் நாயகிதான். வயோலா லெஜே பல்லாண்டுகள் அவளாகவே மேடையில் வாழ்ந்தார். 1979இல் ‘பெலாஜி’ புதினம்: நாடு கடத்தப்பட்ட கைம்பெண் ஒருத்தி, ஜார்ஜியாவிலிருந்து மாட்டு வண்டியிலே பத்தாண்டு நடந்து தாயகம் திரும்பும் கதை. பாரிசு நகரின் கோன்கூர் பரிசு அதனைத் தேடி வந்தது. கனடா நாட்டவர் எவரும் அதற்குமுன் அப்பரிசைப் பெற்றதில்லை. எதை எள்ளினரோ அந்தப் பேச்சின் மணம் வீசும் நடைக்கு!

கல்லூரிகளிலே ஆசிரியராயிருந்த அவர், 1989இல் மாங்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். 1992இல் பூக்டூஷ் ஊரினர், அக்கதைகளின் சிற்றூரையே ஒரு தீவிலே எழுப்பினர். தரை துடைத்த கிழவியின் பெயரையே அதற்குச் சூட்டினர். மயே 2025 பிப்ரவரி 17இல், 95ஆம் வயதில் மறைந்தார்.